ஏறி வருவதற்கு மிச்சம்

நான் ஓய்வு பெற்ற அன்று பிரகாஷ் எனக்குப் பரிசாகக் கொடுத்தது ஒரு செத்த பேட்டரி. ஜிகினாத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, எல்லோரும் கைதட்ட என் கையில் வைத்தான். பிரித்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆயுள் முடிந்த லித்தியம் பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிற ஆளுக்கு இத்தனை காலம் நான் என்னதான் சொல்லிக்கொடுத்தேன் என்று அங்கேயே ஒரு பிடி பிடித்தேன். மேலே ஒட்டியிருந்த லேபிளை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டேன். பேட்டரியைப் பழையவை சேர்க்கும் மணல் பெட்டியில் என் கையாலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அந்த லேபிளில் என் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்: தொடாதே. சிவப்பு மார்க்கரில் எழுதியது, இப்போது வெளிறிப்போய்விட்டது. அதன் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், பறக்கவிட ஆசை பொங்கும். ஒரு கிழவி பேட்டரியைப் பற்றிப் பேசினால் கொட்டாவி வரும் என்பதும் தெரியும். கொட்டாவி விட்டுக்கொண்டே கேளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

என் ஊர் படவேட்டுப் பக்கம். ரேடியோவில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு பேட்டரி பார்ப்பது என் வேலையாக இருந்தது. பிறகு வெளியூர் வேலைகளுக்குப் போகும் குழுவுக்குப் பொறுப்பாளரும் ஆனேன். விமானத்தை ஓட்டுகிறவனைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், செல்ஃபி எடுக்கும். பேட்டரி பார்க்கிறவளைச் சுற்றி யாரும் நிற்பதில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கூட்டம் இல்லாத இடத்தில்தான் யோசிக்க முடியும்.

அடிப்படை ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் வரும். லித்தியம் செல்லை முழுக்க உறிஞ்சக் கூடாது. செல்லுக்கு மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிட்டால் அது உள்ளே கெட்டுப்போகும், உப்பும். ஒன்றும் நடக்காதது போல மறுபடி சார்ஜ் ஏற்றினால் தீயும் பிடிக்கலாம். அதற்காகத்தான் மோட்டாரை ஓட்டும் கருவிக்குள் கட்-ஆஃப் என்று ஒரு காவல் இருக்கிறது. வோல்ட் குறைந்ததும் அது மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடும். மிச்சம் இருப்பதை, ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவருக்கும், இறக்கையையும் வாலையும் அசைக்கும் சர்வோக்களுக்கும் விட்டுவைக்கும். மோட்டார் நின்றால் விமானம் மிதந்து இறங்கும். ரிசீவர் நின்றால் அது உங்கள் பேச்சைக் கேட்காது, விழும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் நான் முதலில் வேலை பார்த்த வேலூர்ப் பட்டறையின் மூத்தவர். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் வந்து, பறந்துகொண்டிருக்கும்போதே மோட்டார் நின்று மானம் போகிறது, அந்தக் கட்-ஆஃபை எடுத்துவிடுங்கள் என்று நச்சரித்தார். எங்கே பறக்கவிடுகிறீர்கள் என்று மூத்தவர் கேட்டார். பெரிய மைதானம் என்றார் வந்தவர். மோட்டார் நின்றதும் என்ன செய்கிறீர்கள் என்றார் இவர். மெதுவாகத் தரையிறக்கிவிடுவேன் என்றார் அவர். அப்புறம் என்ன குறை என்று கேட்டுவிட்டு மூத்தவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் போனதும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, சிரிக்கிற விஷயம் இல்லை என்றார்.

"மைதானத்துல பறக்கறவன் கட்-ஆஃபை நம்பலாம். மலையில பறக்கறவன் நம்பக் கூடாது. அது பேட்டரியக் காப்பாத்தும், விமானத்த வூட்டுக்குக் கொண்டாந்து வுடாது. அது உன் வேலை."

அப்போது அதை ஒரு காதில் வாங்கினேன். அது முழுசாக உள்ளே இறங்கியது ஜவ்வாது மலையில்.

மலையில் தடுப்பணைகளையும் ஓடைகளையும் மேலிருந்து படம் எடுத்துத் தரும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. நானும் பிரகாஷும் ஒரு ஜீப்பில் போயிருந்தோம். பிரகாஷ் கலசப்பாக்கத்துப் பையன், கைதேர்ந்த விமானி. அவனிடம் எனக்கிருந்த ஒரே குறை, பேட்டரியைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைப்பது. இன்று நீங்கள் வைத்திருப்பது போல இடத்தைத் தானே குறித்துக்கொண்டு, தானே வீடு திரும்பும் விமானம் அல்ல எங்களுடையது. நுரைப்பலகையில் செய்த இறக்கை, பின்னால் ஒரு மோட்டார். மூக்கில் இருந்த சின்ன கேமரா எங்கள் திரைக்குப் படம் அனுப்பும். வயிற்றில் இருந்த நல்ல கேமரா தன் கார்டிலேயே பதிவு செய்துகொள்ளும். ஓட்டுகிறவன் கண்ணும் கையும்தான் அதற்கு வழிகாட்டி.

கோடைக்காலம். முந்தின நாள் மாலை ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது, மின்சாரமும் அதோடு போயிருந்தது. காலையில் சீக்கிரமே ஆரம்பித்து எங்கள் வேலையை முடித்துவிட்டோம். பேட்டரி பேக்குகள் அநேகமாக எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் பாதி இருந்தது. அப்புறம் என் லேபிள் ஒட்டிய பேக். வெளியூருக்குப் போனால் ஒரு பேக்கை முழுசாக நிரப்பி, எவ்வளவு அவசர வேலையானாலும் தொடாமல் வைத்திருப்பேன். இதற்காகப் பிரகாஷ் என்னைச் செய்யாத கேலி இல்லை. கல்யாணத்துக்குக் கட்ட எடுத்துவைத்த பட்டுப்புடவையா அது என்பான்.

சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வேகமாக வந்தாள். பெயர் காந்தா, அந்த ஊர்க்காரி. பின்னால் அவள் தம்பி குப்பனும், கயிறும் கத்தியுமாக இன்னும் சிலரும் வந்தார்கள். அவள் புருஷன் கோவிந்தன் தேன் எடுப்பவர். நேற்று மதியம், பாறையில் தேனடை முற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. தேன் எடுக்கப் போனால் கயிறு பிடிக்க மச்சான் குப்பன் கூடப் போவான். நேற்று வெறுமனே பார்க்கத்தானே என்று தனியாகப் போயிருக்கிறார். மழை வந்திருக்கிறது. இரவெல்லாம் இவர்கள் குரல் கொடுத்துப் பார்த்தும் பதில் இல்லை. மலைக்குக் கீழே மூன்று ஓடைகள் பிரிகின்றன. எதில் இறங்கியிருப்பார் என்று தெரியவில்லை. தப்பான ஓடையில் இறங்கிவிட்டால் ஏறி வந்து இன்னொன்றில் இறங்க அன்றைய பொழுது போய்விடும்.

"உங்க வண்டி மேல பறந்து எல்லாத்தையும் பாக்குதாமே. அவர எங்கனா தெரியுதான்னு பாருங்கம்மா" என்றாள் காந்தா.

பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் லேபிளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பேக்கை எடுத்துக் கொடுத்தேன். கேலி செய்ய அவனுக்கு நேரமில்லை.

பள்ளத்தின் விளிம்பில் சாமை அறுத்து வெறுமையாகக் கிடந்த ஒரு கொல்லை இருந்தது. அங்கிருந்து விமானத்தைக் கையால் எறிந்து விட்டான். விளிம்பைத் தாண்டியதும் மூக்கைச் சாய்த்துக் கீழே இறங்கியது. முதல் ஓடையில் ஒன்றும் இல்லை. நடு ஓடையைப் பார்த்துக்கொண்டு போகும்போது திரையில் படம் கோடுகோடாகக் கிழிய ஆரம்பித்தது. இன்னும் கீழே, இன்னும் மேற்கே போனான். அதற்குமேல் எது எந்த மடிப்பு என்று மேலே நின்ற எங்களுக்குப் பிடிபடவில்லை. திடீரென்று பாறைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. படம் கலங்கி, மறுபடி தெளிந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தபடி துண்டை வீசிக்கொண்டிருந்தார்.

காந்தா திரையைத் தொடப்போய் கையை இழுத்துக்கொண்டாள். பிரகாஷ் விமானத்தை அந்த இடத்தின் மேல் வட்டமிட வைத்தான். குப்பனும் மற்றவர்களும் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடு ஓடைப் பக்கம் கிளம்பத் தயாரானார்கள். விமானம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கட்டும், அதன் சத்தத்தை வைத்துப் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றார்கள். கேட்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நான் பிரகாஷின் ரிமோட்டில் வோல்ட்டைப் பார்த்தேன். செல்லுக்கு மூன்று புள்ளி எட்டு, முழுக்க நிரம்பியிருந்தபோது நாலு புள்ளி இரண்டு. மைதானத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் இன்னும் கொஞ்ச நேரம் பறக்கலாம் என்று நானே சொல்வேன். ஆனால் இங்கே எண்ணைப் பார்த்தால் போதாது, அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். விமானம் இறக்கத்தில் போயிருக்கிறது. மோட்டார் பாதி நேரம் சும்மா சுற்றியிருக்கிறது. சுமை இல்லாதபோது பேட்டரி நன்றாகத்தான் தெரியும். திரும்பும்போது மலை முழுவதையும் ஏற வேண்டும். அப்போது மோட்டார் கேட்கிற கேள்விக்கு இதே பேட்டரி வேறு பதில் சொல்லும்.

சமவெளியில் பழகியவர்கள் மலையில் செய்யும் தப்பு இதுதான். பாதியைப் போக்குக்கும் பாதியை வரத்துக்கும் வைப்பார்கள். நீங்கள் நிற்பது உச்சியில், போவது பள்ளத்துக்கு என்றால் போக்குக்குச் செலவே இல்லை. செலவெல்லாம் வரத்துக்குத்தான்.

"திருப்பு" என்றேன்.

"அக்கா, பாதிக்கு மேல இருக்குது" என்றான் பிரகாஷ்.

"எறங்கினதுக்கு அது பாதி. ஏறறதுக்கு இல்ல. திருப்புப்பா."

காந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை இப்போது நினைத்தாலும் மணிக்கட்டில் தெரிகிறது.

"அத்த அங்கயே வுட்டு வைங்கம்மா. ராத்திரியெல்லாம் தனியா கெடந்தவரு. இது போய்ட்டா, பாத்தும் வுட்டுட்டு போய்ட்டாங்கன்னு நெனப்பாரு."

கல் நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படி இல்லை. அவள் கேட்டதில் ஒரு தப்பும் கிடையாது. அவள் அவரைப் பற்றி மட்டும் யோசித்தாள், யோசிக்க வேண்டியவள். விமானத்தைப் பற்றி யோசிக்க அங்கே நான்தான் இருந்தேன். நான் குப்பனைக் கூப்பிட்டு, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டேன். அவன் நின்று காது கொடுத்தான். நேர்மையான ஆள்.

"எல்லாப் பாறையும் கத்துது மேடம். எங்கன்னு சொல்ல முடியல."

நான் காந்தாவிடம் சொன்னேன்: "நல்ல படம் அது வயித்துக்குள்ள கீதும்மா. அது மேல வந்தாத்தான் எடம் எதுன்னு தெரியும். அங்கயே சுத்தி வுழுந்துடுச்சின்னா அவரையும் தேடணும், அதையும் தேடணும்."

அவள் கையை விட்டுவிட்டாள். சமாதானம் ஆகவில்லை, பிடியை மட்டும் விட்டாள். பிரகாஷ் விமானத்தைத் திருப்பினான்.

ஏற ஆரம்பித்ததும் வோல்ட் சரசரவென்று இறங்கியது. மூன்று புள்ளி ஆறு. மூன்று புள்ளி ஐந்து. பிரகாஷின் கழுத்தில் வேர்வை ஓடியது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். விளிம்புக்குக் கீழே, எங்கள் கண்ணுக்கு விமானம் நன்றாகத் தெரிகிற இடத்தில், மோட்டாரின் சத்தம் தளர்ந்தது. கட்-ஆஃப் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் எந்த விமானிக்கும் கை தானாக மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கினால் வேகம் போய்க் கவிழும். அவன் விரல் அசைந்ததைப் பார்த்துவிட்டேன்.

"தூக்காத. மோட்டாரை மறந்துடு. வெயில் படற பாறைப் பக்கம் கொண்டு போ."

கிழக்குப் பார்த்த பாறைச் சுவர் காலையிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் இரண்டு பருந்துகள் இறக்கையை அடிக்காமலே மேலே போய்க்கொண்டிருந்ததை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். வேலைக்குப் போன இடத்தில் பருந்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பிரகாஷ் விமானத்தை அந்தக் காற்றுக்குள் கொண்டுபோய் விட்டான். கொஞ்ச நேரம் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு ஒரு பக்கமாக மெல்ல மெல்ல மேலே வந்தது. மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் ரிசீவருக்கு என்று கட்-ஆஃப் விட்டுவைத்த மிச்சம் இருந்ததால் அவன் சொன்னபடி எல்லாம் கேட்டது. விளிம்பில் இருந்த புல்லை உரசுவது போலத் தாண்டி, கொல்லைக்குள் வயிற்றால் வழுக்கி நின்றது. கீழே இன்னும் ஓரிரு வட்டம் அடித்திருந்தால் அந்தப் பாறை வரைக்கும்கூட அது வந்திருக்காது.

எல்லோரும் ஓடினார்கள். பிரகாஷ் நேராக கேமராவுக்குப் போனான். நான் அவனைத் தள்ளிவிட்டு முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினேன். இதை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றாலும் ரிசீவர் குடித்துக்கொண்டேதான் இருக்கும். காற்றில் கட்-ஆஃப் காப்பாற்றிய பேட்டரியைத் தரையில் கவனக்குறைவு கொன்றுவிடும். நல்ல செய்தி வருகிற நேரத்தில்தான் நாம் செருகியதைப் பிடுங்க மறப்போம். பேக்கைக் கையில் வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு, ஆனால் உப்பவில்லை. அது பிழைத்துக்கொண்டது.

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டோம். கேமரா பார்த்தது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த, ஊரார் எச்சி என்று சொல்லும் கல்லிச்சி மரம், அதன் பக்கத்தில் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடு, அதற்குக் கீழே கோவிந்தன். பார்த்ததுமே குப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நடு ஓடை இல்ல. இது மேக்கால ஓடை. அந்த எச்சி மரத்துக்குக் கீழ நானும் அவரும் தேன் எடுத்துக்கீறோம்."

நடு ஓடையில் இறங்கத் தயாராக இருந்தவர்கள் மேற்கு ஓடைக்குத் திரும்பி ஓடினார்கள். அத்தோடு என் வேலை முடிந்தது என்று மூச்சு விட்டேன். ஆனால் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் வட்டத்தை விட்டுவிட்டு விலகுகிறது. கோவிந்தன் தலையைத் தூக்கி அதைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு வீசிக்கொண்டிருந்த கையை இறக்கி, துண்டை மடியில் வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான், மரம் மறைத்துவிடுகிறது.

"நான் சொன்னேன் பாருங்க. கையை எறக்கிட்டாரு" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

எடுத்த முடிவு சரி என்று எனக்குச் சந்தேகமே இல்லை. சரியான முடிவு எடுத்தவளுக்கு நெஞ்சு கனக்காது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். மடியில் வைத்த அந்தத் துண்டு என்னை உட்காரவிடவில்லை.

அவருக்கு ஏதாவது தெரியப்படுத்த வேண்டும் என்றாள் காந்தா. எங்களிடம் இருந்தது அந்தப் பாதி பேக் மட்டும். பிரகாஷ் கீழே அனுப்பிக் காட்டிவிட்டு வரலாம் என்றான். இப்போதுதான் பிழைத்து வந்தோம், அதற்குள் அடுத்ததா என்று கேட்டேன். பாதி பேக் கீழே போகும், மேலே வராது. ஆனால் விளிம்பு வரைக்கும் போகலாம். விளிம்பை ஒட்டிப் பறந்தால் கீழே இருப்பவருக்குத் தெரியும், இறங்கி ஏறும் செலவும் கிடையாது. வெயில் ஏறியதில் பாறைக் காற்றும் வலுத்திருந்தது.

பேட்டரியைச் செருகும் முன் எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். செருகியதும், மோட்டாரை ஓட்டும் அந்தக் கருவி பேக்கில் எத்தனை செல் என்று எண்ணி அத்தனை முறை கூவும். சார்ஜ் குறைந்த பேக்கைச் சில நேரம் குறைவாக எண்ணிவிடும். அப்படி எண்ணினால் கட்-ஆஃப் மிகத் தாழ்வாக அமைந்துவிடும். மோட்டார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பேட்டரியை அடி வரைக்கும் உறிஞ்சிவிடும். கூட்டத்தின் சத்தத்தில் அந்தக் கூவல் யாருக்கும் கேட்காது. அதனால்தான் விமானம் நிற்கிற இடத்தில் நான் கோயில் அர்ச்சகரைவிட அதிகமாக அதட்டுவேன். கூவல் சரியாக வந்தது. பிரகாஷ் எறிந்தான்.

மேற்கு ஓடைக்கு மேலே விளிம்பை ஒட்டிப் போய், மோட்டாரை நிறுத்தி மிதக்கவிட்டு, இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். மறுபடி போய் மறுபடி ஆட்டினான். காந்தா விளிம்பில் நின்று தன் முந்தானையை வீசினாள். அவ்வளவு தூரத்துக்கு அது தெரியாது என்று அவளுக்கும் தெரியும். இந்த முறை நான் சொல்லாமலே பிரகாஷ் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். இறக்கியதும் முதலில் பேட்டரியைப் பிடுங்கினான். அந்த நிமிஷம் அவனை நம்பி எந்த மலைக்கும் அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

வெயில் சாயும்போது கோவிந்தனைத் துணி டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழையில் பாறை வழுக்கிக் கால் முறிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது, ஆனால் பேச்சு தெளிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்கள் ஜீப்பின் பின் சீட்டில் படுக்கவைத்தோம். தலை காந்தாவின் மடியில், கட்டுப்போட்ட கால் என் மடியில். முன்னால் பிரகாஷ் வளைவுகளில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

பாதி மலை இறங்கும்வரை அந்தத் துண்டைப் பற்றி அவரிடம் கேட்காமல் நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். காந்தாதான் ஆரம்பித்தாள். விமானத்தைத் திருப்ப வேண்டாம் என்று தான் கெஞ்சியதையும், நான் கேட்காமல் திருப்பியதையும், அவர் மனசு விட்டுக் கையை இறக்கியதைப் படத்தில் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கோவிந்தன் லேசாகச் சிரித்தார். சிரித்ததில் உதடு வலித்திருக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்தித்தான் பேசினார்.

"மனசு வுட்டா கையை எறக்கினேன்? தேனீ எதுனா தேடிக்கினு கீதுன்னா சுத்திக்கினே கெடக்கும். கெடச்சிடுச்சின்னா சுத்தாது, நேரா வூட்டுக்குப் போவும், மத்ததுங்களுக்குச் சொல்ல. உங்க வண்டி என் தலைக்கு மேல சுத்திச்சு பாரு, அப்ப எனக்கு பயம். என்னப் பாக்கல, தேடிக்கினு கீதுன்னு வீசு வீசுன்னு வீசினேன். அப்புறம் சுத்தறத வுட்டுட்டு நேரா மேல ஏறிச்சு. பாத்துடுச்சு, சொல்லப் போவுதுன்னு தெரிஞ்சுது. அப்புறம் எதுக்கு வீசணும்? துண்ட மடியில வெச்சிட்டேன்."

காந்தா அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப்போட்டாள். பிரகாஷ் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் அழுதுகொண்டிருந்ததை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது நானே சொல்லிவிட்டேன்.

லேபிள் ஒட்டிய அந்தப் பேக்கை அன்று இரவே, சும்மா வைப்பதற்கு ஏற்ற அளவான பாதிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்தோம். அதன்பிறகு அது வெகுகாலம் உழைத்து, வயதாகித்தான் செத்தது. நாங்கள் யாரும் கொல்லவில்லை. லேபிள் இப்போது என் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. உங்கள் குழுவின் பெட்டியிலும் அதே மாதிரி ஒன்று இருக்கட்டும், கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும். மலைக்குப் போனால் எண் நன்றாக இருக்கும்போதே திருப்புங்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு யாராவது கெஞ்சலாம். அந்தக் கையைத் தட்டிவிடாதீர்கள், பிடித்துக்கொண்டே திருப்புங்கள்.